கல்லூரிப் பேய்கள் – 6: கேம்பிரிட்ஜ் கழகமும் அடையாறு அலமாரியும்

சென்ற வாரம் பார்த்த ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் சங்கம் 1879இல் தொடங்கி 1885இல் கலைந்தது. இந்த வாரம் பார்க்கப்போகும் கேம்பிரிட்ஜ் கழகமும் நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனால் அது போட்ட விதை முளைத்து முப்பது வருஷம் கழித்துச் சென்னை அடையாறு வரைக்கும் கிளை விட்டது. அதனால் கொஞ்சம் நிதானமாகவே போவோம்.

1851ஆம் ஆண்டின் இறுதி. டிரினிட்டி கல்லூரியில் எட்வர்ட் வைட் பென்சன், வெஸ்ட்காட், ஹார்ட் ஆகியோரும் கிங்ஸ் கல்லூரியில் ஹென்றி பிராட்ஷாவும் இன்னும் சிலரும் சேர்ந்து பேய் ஆராய்ச்சிக்கு ஒரு கழகம் கண்டார்கள். சிலர் மாணவர்கள், சிலர் அப்போதுதான் படித்து முடித்த இளைஞர்கள். வெளியே இருந்தவர்கள் 'கட்டுக்கதைக் கழகம்' என்று கிண்டலடித்தார்கள். வெட்டிப்பொழுது போக்கும் கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். பென்சன் பிற்பாடு இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பொறுப்பான கேன்டர்பரி பேராயர் பதவிக்குப் போனார். வெஸ்ட்காட் டர்ஹாம் ஆயர் ஆனார். வெஸ்ட்காட்டும் ஹார்ட்டும் சேர்ந்து பதிப்பித்து 1881இல் வெளியிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாடு இன்றும் விவிலிய அறிஞர்கள் மேஜையில் இருக்கிறது. பிராட்ஷா பல்கலைக்கழக நூலகர் ஆனார். பழைய சுவடிகளில் எது மூலம், எது இடைச்செருகல் என்று பிரித்துப் பார்ப்பதில் கைதேர்ந்தவர்கள் இவர்கள். பேய்க்கதைகளையும் அதே கண்ணோடுதான் அணுகினார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்குச் சாட்சி அவர்கள் அச்சிட்டு அனுப்பிய சுற்றறிக்கை. வெஸ்ட்காட் தயாரித்தது. பேய் உண்டா இல்லையா என்ற வாதமே அதில் கிடையாது. உங்களுக்குத் தெரிந்த சம்பவத்தை எழுதி அனுப்புங்கள். ஆள், நேரம், இடம் எல்லாம் விவரமாக வேண்டும் என்று கேட்டது. சம்பவங்களுக்கு ஒரு வகைப்பாடும் இருந்தது. தேவதூதர் காட்சியா? மனித உருவமா? உருவம் என்றால், அந்த ஆள் இறப்பதற்கு முன்பா, இறக்கும் நேரத்திலா, இறந்த பிறகா? கனவா? உடம்பிலோ மனதிலோ தோன்றிய வெறும் உணர்ச்சியா? நம்மூரில் புளியமரத்துப் பேயைப் பற்றிக் கேட்டால் கதை சொல்பவர் பெரும்பாலும் 'எங்க மாமாவோட சினேகிதர் பார்த்தார்' என்றுதான் தொடங்குவார். அந்த சினேகிதரின் பெயர், ஊர், தேதி கேட்டது இந்தச் சுற்றறிக்கை.

கழகம் நிலைக்கவில்லை. 1852இலேயே பென்சன் ரக்பி பள்ளிக்கும் வெஸ்ட்காட் ஹாரோ பள்ளிக்கும் ஆசிரியர்களாகப் போய்விட்டார்கள். வெஸ்ட்காட்டுக்குப் பிற்காலத்தில் இந்த ஆர்வமே விட்டுப்போனது. இதில் நல்லது எதுவும் விளையாது என்ற முடிவுக்கு அவர் வந்துவிட்டதாக அவருடைய மகன் எழுதியிருக்கிறார். பென்சனுக்கோ கதை கேட்கும் ருசி போகவில்லை. 1895 ஜனவரியில், பேராயராக இருந்தபோது, வீட்டுக்கு வந்த எழுத்தாளர் ஹென்றி ஜேம்ஸிடம், இறந்துபோன வேலைக்காரர்கள் குழந்தைகளைப் பிடித்து ஆட்டும் கதை ஒன்றை அரைகுறையாகச் சொன்னார். ஜேம்ஸ் அதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டார். 1898இல் 'தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ' வந்தது. பென்சனின் மகன்களில் மூவர் பேய்க்கதை எழுதினார்கள் என்பது உபரிச் செய்தி.

பென்சனுக்குத் தூரத்து உறவுப் பையன், பிறகு மைத்துனனும் ஆனவர்: ஹென்றி சிட்ஜ்விக். 1855இல் டிரினிட்டியில் சேர்ந்தார். மாணவராக இருந்தபோதே பேய்க் கழகத்தின் வேலையில் இறங்கிக் கதைகள் திரட்டினார். நேர்மைக்குப் பெயர்போன மனிதர். திருச்சபையின் கோட்பாடுகளை மனதார ஏற்கமுடியவில்லை என்று 1869இல் கல்லூரிப் பதவியையே துறந்தவர். மதத்தை நம்ப முடியவில்லை, விடவும் முடியவில்லை. மரணத்துக்குப் பின் ஏதாவது உண்டா என்பதற்கு அத்தாட்சி கிடைத்தால் நன்றாயிருக்கும் என்று ஏங்கிய தலைமுறை அது. 1882இல் லண்டனில் ஆவி ஆய்வுச் சங்கம் பிறந்தபோது அதன் முதல் தலைவர் சிட்ஜ்விக்தான். உடன் நின்ற மையர்ஸும் கர்னியும் டிரினிட்டிக்காரர்கள்.

இங்கேதான் சென்னை வருகிறது. பிரம்மஞான சபை 1882 டிசம்பரில் அடையாற்றுக்குக் குடிவந்திருந்தது. சபையின் நிறுவனர்களில் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையாரின் படுக்கையறையை ஒட்டி ஓர் அறை. அதன் சுவரில் மர அலமாரி ஒன்று தொங்கும். திபெத்தில் வாழும் மகாத்மாக்களின் கடிதங்கள் அதற்குள் தாமாகவே தோன்றும் என்றார்கள். 1884இல் அம்மையார் இங்கிலாந்து போனார், கேம்பிரிட்ஜுக்கும் வந்தார். சிட்ஜ்விக்குக்கு அவரைப் பிடித்தே போயிற்று.

அம்மையார் ஊரில் இல்லாத நேரத்தில் அடையாற்றில் வேறொரு நாடகம். வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த எம்மா கூலோமும் தச்சுவேலை தெரிந்த அவர் கணவரும் சபையிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். எம்மா ஒரு கட்டுக் கடிதங்களோடு பாதிரிமார்களிடம் போனார். சென்னை கிறித்தவக் கல்லூரியின் பத்திரிகை 1884 செப்டம்பரில் அவற்றை வெளியிட்டது. மகாத்மா வித்தைகளை எப்படிச் செய்வது என்று அம்மையாரே எம்மாவுக்கு எழுதிய கடிதங்கள் இவை என்றது பத்திரிகை. போலி என்றார் அம்மையார். அவர் டிசம்பரில் சென்னை திரும்பியபோது மாணவர்கள் திரண்டு வந்து வரவேற்றார்கள் என்பதையும் சொல்லவேண்டும்.

இதை விசாரிக்கச் சிட்ஜ்விக் தம் செலவில் ரிச்சர்ட் ஹாட்ஜ்சனைச் சென்னைக்கு அனுப்பினார். மெல்போர்னில் பிறந்து, கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் படித்தவர்; அப்போது வயது இருபத்தொன்பது. டிசம்பரில் வந்து இறங்கி, ஏறக்குறைய மூன்று மாதம் இருந்தார். அவர் பார்க்க வந்த அலமாரி அதற்கு முன்பே எரிக்கப்பட்டுவிட்டது! எரித்தவர்கள் சபைக்காரர்களே. சுவரும் பூசி மூடியாகிவிட்டது. ஆனாலும் அறையை அளந்தார், வரைபடம் போட்டார், ஆளாளுக்குத் தனித்தனியே உட்கார்ந்து விசாரித்தார். அலமாரிக்குப் பின்னே சுவரில் துளை இருந்ததென்றும், அம்மையாரின் அறைப் பக்கமிருந்து கையை விட வழி இருந்ததென்றும் முடிவுக்கு வந்தார். துளையை எங்களைச் சிக்கவைக்க எம்மாவின் கணவர்தான் பிறகு போட்டார் என்பது சபையின் பதில். 1883இல் அலமாரிக்குள் உடைந்த பீங்கான் தட்டு ஒன்று முழுசாகித் திரும்பிய 'அற்புத'த்தையும் ஹாட்ஜ்சன் விடவில்லை. அதே மாதிரித் தட்டுகளை எம்மா சென்னைக் கடை ஒன்றில் சற்று முன்னர் வாங்கியிருந்ததைக் கடைக் கணக்கிலிருந்தே எடுத்துக் காட்டினார். சுற்றறிக்கை கேட்ட ஆள், நேரம், இடம் மூன்றும் அந்தக் கணக்கில் இருந்தன.

1885 டிசம்பரில் வெளிவந்த அறிக்கை, அம்மையாரைக் கெட்டிக்கார மோசடிக்காரர் என்றது. அவர் அதற்குள் சென்னையை விட்டுப் போயிருந்தார். பிறகு இந்தியாவுக்குத் திரும்பவேயில்லை. நூறு வருஷம் கழித்து, 1986இல், கையெழுத்து நிபுணர் வெர்னான் ஹாரிசன் அதே ஆவி ஆய்வுச் சங்கத்தின் இதழில் ஹாட்ஜ்சனின் அறிக்கையைக் கடுமையாக விமர்சித்தார். கடித ஆதாரங்களைக் கையாண்ட விதம் ஒருதலைப்பட்சம் என்றார். நான் படித்தவரையில், கையெழுத்து விஷயத்தில் ஹாரிசன் பக்கம் நியாயம் இருக்கிறது. தட்டு விஷயத்தில் ஹாட்ஜ்சனை அசைப்பது கஷ்டம்.

அடையாற்றில் எதையும் நம்ப மறுத்த இதே ஹாட்ஜ்சன் 1887இல் பாஸ்டனுக்குப் போனார். பைப்பர் என்ற பெண்மணி மயக்கநிலையில் ஆவிகளின் வார்த்தையைச் சொல்வதைப் பரிசோதிக்கத் தொடங்கினார். மோசடியைப் பிடிக்க அந்தம்மாவைத் துப்பறிவாளர்களை வைத்துப் பின்தொடரவும் செய்தார். கடைசியில் இறந்தவர்களே பேசுகிறார்கள் என்று நம்பிவிட்டார். 1905இல் பந்து விளையாடிக்கொண்டிருந்தபோது உயிர் போயிற்று.

கேம்பிரிட்ஜில் மாணவர்களுக்கென்றே ஓர் ஆவி ஆய்வுக் கழகம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறுபடி எழுந்தது. அதன் வரலாற்றில் பாதி, கூட்டம் போட்டுப் பேசியதுதான்; அதை விட்டுவிடலாம். அந்தக் கழகத்தைச் சேர்ந்த டோனி கார்னெல் செய்த காரியத்தை விடமுடியாது. 1959இல் அவர் பேயைத் தேடுவதை விட்டுவிட்டுத் தாமே பேயானார். வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு, கிங்ஸ் கல்லூரிக்குப் பின்புறம் மாடு மேயும் புல்வெளியில் அந்தி நேரத்தில் சில நாட்கள் நடந்தார். சுமார் எண்பது பேர் பார்க்கும் தூரத்தில் போனார்கள். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. மாடுகள் மட்டும் பின்னாலேயே வந்தன. இடம் சரியில்லையோ என்று அடுத்து ஒரு கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். அங்கே கடந்துபோன நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டவர்களில் நான்கே பேர் ஏதோ கவனித்தார்கள். அவர்களும் பேய் என்று சொல்லவில்லை.

பிறகு ஒரு சினிமாக் கொட்டகை. வயது வந்தோருக்கான படம். திரைக்கு முன்னால், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வெள்ளைத் துணியோடு குறுக்கே நடந்தார். கேட்டுப் பார்த்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் எதையுமே பார்க்கவில்லை என்றார்கள். வித்தியாசமாக ஏதாவது தெரிந்தால் கவனிக்கும்படி சொல்லிவைத்த படம் ஓட்டுபவருக்கே தெரியவில்லை. பார்த்தவர்களில் ஒருவர் கோட்டு போட்ட பெண் என்றார். இன்னொருவர் பனிக்கரடி என்றார். பேய் என்று சொன்னவர் எவரும் இல்லை.

கேம்பிரிட்ஜ்காரர்கள் நூறு வருஷத்தில் செய்த வேலைகளில் இந்தச் சினிமாக் கொட்டகைப் பரிசோதனைக்கே என் ஓட்டு.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக மாணவர்கள் 2001இல் தொடங்கிய சங்கம் 2007இல் தொலைக்காட்சித் தொடரானது. கேமரா நுழைந்த பிறகு பேய்த் தேடல் என்ன ஆனது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.