மோட்டார் வண்டியில் தாழ்நாதம்

வீதியிற் செல்லும் சில மோட்டார் வண்டிகளிலிருந்து பாட்டு வெளிப்படுமுன்னரே ஓர் உறுமல் வெளிப்பட்டு, அண்மையிலுள்ள சன்னற் கண்ணாடிகளை நடுங்கச் செய்வதை யாவரும் அறிவர். பெரும்பாலும் அவ்வுறுமல் சங்கீதத்தின் பகுதியன்று. கருவிகளைச் சரிவர அமைக்காமையால் எழும் இரைச்சலேயாம். பெரும் பொருள் கொடுத்து வாங்கிய சப்வூஃபர் சின்னாளிற் கருகிப்போவதற்கும் பலமுறை இதுவே காரணமாகின்றது. ஆதலின் தூய தாழ்நாதத்தைப் பெறுமாறு எங்ஙனம் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

பாஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி வினாடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கின்றது. அவ்வொலியலையின் நீளம் 8 மீட்டருக்கு மேற்பட்டது. சாதாரண வண்டியின் உட்புறமோ அதிற் பாதியுமில்லை. இத்தகைய சிறிய அறை, மிகத் தாழ்ந்த நாதங்களைத் தானாகவே மிகுவித்துக் காட்டும் இயல்புடையது. ஆகவே வண்டிக்குள் தாழ்நாதத்துக்குக் குறைவு நேர்வது அரிது. தூய்மைக்கே குறைவு நேர்கின்றது.

அக்குறைவின் முதற்காரணம் ஆம்ப்ளிஃபயரிலுள்ள கெயின் என்னும் குமிழை ஒலியளவுக் குமிழென மயங்குதலாம். பாட்டுக்கருவி அனுப்பும் மின்னழுத்தத்தை ஆம்ப்ளிஃபயரின் வலிமைக்கு இணங்கச் செய்வதே அதன் தொழில். ஆம்ப்ளிஃபயர் தரக்கூடிய மின்னழுத்தத்துக்கு ஓர் எல்லையுண்டு. அவ்வெல்லையைக் கடக்கும்படி குமிழைத் திருகினால், அலையின் சிகரங்கள் வெட்டுண்டு தட்டையாகிவிடும். முற்றிலும் சதுரமாகிவிட்ட அலை, அதே உயரமுள்ள சைன் அலையைப்போல் இருமடங்கு ஆற்றலைச் சுருளிற் செலுத்தும். சிறிய ஆம்ப்ளிஃபயர் பெரிய ஸ்பீக்கரைக் கெடுத்துவிடும் என்று பலர் கூறுவர். கெடுப்பது அதன் சிறுமையன்று. அச்சிறுமையை மறைக்கக் குமிழை முறுக்கும் கையேயாம்.

சரியான நிலையைக் கணக்கினாலேயே கண்டுகொள்ளலாம். 4 ஓம் தடையுள்ள இரண்டு சப்வூஃபர்களைப் பக்க இணைப்பிற் சேர்த்தால் மொத்தத் தடை 2 ஓம் ஆகும். அத்தடைக்கு 450 வாட் தரவல்லது ஆம்ப்ளிஃபயர் எனக் கொள்வோம். 450ஐ 2ஆற் பெருக்க 900. அதன் வர்க்கமூலம் 30. ஆகவே வெளிவாயில் 30 வோல்ட்டே எல்லை. ஸ்பீக்கர் கம்பிகளைக் கழற்றிவிட்டு, சமனி, பாஸ் பூஸ்ட் முதலியவற்றை நிறுத்தி, கெயினை முழுவதும் தாழ்த்துக. பின்பு பாட்டுக்கருவியின் ஒலியளவை முக்கால் பங்கில் நிறுத்தி, முழு அளவிற் பதிவான 50 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை இசைத்து, மல்டிமீட்டர் 30 வோல்ட் காட்டும்வரை கெயினை மெல்ல உயர்த்துக. பௌதிக ஆய்வுச்சாலையில் ஆசிலாஸ்கோப் கிடைக்குமாயின் அலை வெட்டுண்ணும் இடத்தைக் கண்ணாலேயே காணலாம். அதுவே மேலான வழி.

இவ்வாறு அமைத்தபின் பாஸ் பூஸ்ட் குமிழைத் தொடுதல் தகாது. 6 டெசிபெல் உயர்த்துவதற்கு நான்கு மடங்கு ஆற்றல் வேண்டும். அதற்கு ஆம்ப்ளிஃபயர் எங்கே போகும்?

தாழ்கடத்தி வடிகட்டியை 80 ஹெர்ட்ஸ் அளவில் நிறுத்தி, கதவிலுள்ள ஸ்பீக்கர்களுக்கு அதே இடத்தில் உயர்கடத்தி அமைப்பது நல்ல தொடக்கமாகும். பெட்டி துளையுடையதாயின், அதன் இசைவு அதிர்வெண்ணுக்குச் சற்றுக் கீழே சப்சானிக் வடிகட்டியும் இன்றியமையாதது. அவ்வெண்ணுக்குக் கீழே கூம்பைத் தாங்கும் காற்றழுத்தம் இல்லாமற்போவதால் அது வரம்பின்றி ஆடிச் சேதமுறும். மின்சாரம் கொணரும் கம்பி தடித்திருத்தலும், பாட்டரிக்கு மிக அருகே ஃபியூஸ் இருத்தலும் சொல்லாமலே விளங்கும்.

இத்தனையும் செய்தும் நாதம் மெலிந்திருந்தால், கம்பிகளை நோக்குக. இரண்டு சப்வூஃபர்களுள் ஒன்றன் கம்பிகள் மட்டும் மாறியிருப்பின், ஒன்று முன்தள்ள மற்றொன்று பின்வாங்கி ஒன்றையொன்று அழித்துவிடும். கம்பிகள் செவ்வையாயிருப்பின், ஓட்டுநர் இருக்கையிலமர்ந்து, ஃபேஸ் விசையை 0, 180 ஆகிய இரு நிலைகளிலும் ஒருவர் மாற்றிக்காட்டக் கேட்டு, எந்நிலையில் நாதம் நிறைந்து முன்னிருந்து வருவதுபோல் தோன்றுகின்றதோ அந்நிலையிலேயே விட்டுவிடுக.