வானம் ஏறும் வழி – 7: பணம் கட்டும் முன்

போன வாரம் பைலட் ஆவதற்கான எழுத்துத் தேர்வுகளைப் பார்த்தோம். நேவிகேஷன், வானிலை, விதிமுறைகள், டெக்னிக்கல் என்று எதை எழுதினாலும் 70 சதவீதம் எடுத்தால்தான் பாஸ். எந்தப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாலும் மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ வைக்கும் தேர்வு ஒன்றுதான். பள்ளிக்குப் பள்ளி மாறுவது பறக்கும் பயிற்சி. குடும்பத்தின் பணம் கரைவதும் அதில்தான்.

பள்ளி தேடும் முன் மெடிக்கலை முடித்துவிடுங்கள். முதலில் இரண்டாம் வகுப்பு, பிறகு முதல் வகுப்பு. கண்ணாடி போட்டிருப்பவர்கள் பயப்பட வேண்டாம். கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். நிறப்பார்வைதான் பலரை நிறுத்துகிறது. வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்வார்கள். தனக்கு அப்படியொரு குறை இருப்பதே சில பிள்ளைகளுக்கு அந்த அட்டையின் முன்னால்தான் தெரியவருகிறது. முன்பணம் கட்டிய பிறகு அது தெரிந்தால் யாரிடம் போய் நிற்பது? “மெடிக்கலை அப்புறம் பார்த்துக்கலாம்” என்று சொல்லும் ஏஜென்ட்டை நம்பாதீர்கள்.

இனி பள்ளி. சி.பி.எல். என்கிற கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்க 200 மணி நேரம் பறக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பு முழுக்க உங்களுடையது. 300 நாட்டிக்கல் மைல், அதாவது சுமார் 555 கிலோமீட்டர் தூரப் பயணம் ஒன்று உண்டு; வழியில் வேறு இரண்டு நிலையங்களில் இறங்கி ஏற வேண்டும். இரவில் 5 மணி நேரம். விளம்பரத் தாளில் இதெல்லாம் ஒன்றரை வருடத்துக்குள் முடிந்துவிடும். நிஜத்தில் இழுத்துக்கொண்டே போகும். மழை, பனிமூட்டம் போக, இன்ஸ்ட்ரக்டர் ஏர்லைன் வேலை கிடைத்துக் கிளம்பிவிடுவார். விமானம் உதிரி பாகத்துக்காக நின்றுவிடும்.

அதனால் காலை 6 மணிக்கே பள்ளியின் ஓடுதளத்துக்குப் போய் நில்லுங்கள். வெப்சைட்டில் எத்தனை விமானம் போட்டிருக்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு, அன்று எத்தனை மேலே போகின்றன என்று எண்ணுங்கள். ஹேங்கருக்குள் இன்ஜின் மூடியைக் கழற்றி வைத்த செஸ்னா நின்றால், எத்தனை நாளாக நிற்கிறது என்று கேளுங்கள். பிறகு மெஸ்ஸில் சாப்பிடும் மாணவர்களிடம், “தம்பி, போன மாசம் எத்தனை மணி நேரம் பறந்தீங்க?” என்று விசாரியுங்கள். ஆறு என்று பதில் வந்தால் கணக்குப் போடுங்கள்: 200 மணி நேரம் முடிய ஏறக்குறைய 3 வருடம். அத்தனை மாதமும் விடுதிச் செலவும் கடன் வட்டியும் உங்கள் தலையில்.

2025 அக்டோபரில் டிஜிசிஏ முதன்முறையாகப் பயிற்சிப் பள்ளிகளுக்குத் தரவரிசை வெளியிட்டது. ‘ஏ’ தரத்தில் ஒரு பள்ளிகூட வரவில்லை. எல்லாம் ‘பி’, ‘சி’தான். பள்ளியை நேரில் பார்க்கச் சொல்வதற்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்!

நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு நான் முதலில் சொல்வது, உத்தரப்பிரதேசம் ஃபுர்சத்கஞ்சில் இருக்கும் இந்திரா காந்தி ராஷ்ட்ரீய உரான் அகாடமி. மத்திய அரசின் நிறுவனம். நுழைவுத் தேர்வு கடினம், குளிர்காலத்தில் பனிமூட்டம் பறப்பதை முடக்கும். ஆனாலும் முயன்று பார்க்க வேண்டிய இடம்.

ஏர்லைன்களின் கேடட் திட்டங்களில், குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங்கும் சேர்ந்தே வரும். செலவு கோடியைத் தொடும். வேலைக் கடிதம் கொடுப்பார்கள், நிபந்தனைகளோடு. அந்த நிபந்தனைகளை வரி வரியாகப் படிக்காமல் வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைக்காதீர்கள். அமெரிக்கா போனால் நல்ல வானிலை இருக்கும் ஊர்களில் சீக்கிரம் முடிக்கலாம். ஆனால் அந்த லைசென்ஸை வைத்துக்கொண்டு இங்கே பறக்க முடியாது. டிஜிசிஏ தேர்வுகளை எழுதி இந்திய லைசென்ஸாக மாற்ற வேண்டும். போவதற்கு முன்பே அவற்றை எழுதி முடித்தவர்கள் திரும்பி வந்து காத்திருக்கும் காலம் குறையும்.

எங்கே சேர்ந்தாலும் மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில் கட்டாதீர்கள். பறந்த மணி நேரத்துக்கு ஏற்பத் தவணை, பாதியில் விலகினால் எவ்வளவு திரும்பும்: இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கும் பள்ளி என்றால் அடுத்த பள்ளியைப் பாருங்கள்.

(அடுத்த வாரம்: கல்விக்கடன்)