இரு வீடும் ஒரு நாட்காட்டியும்

எங்கள் மறிச்சுக்கட்டி, மன்னார் மாவட்டத்தின் தென் எல்லையிலே, வில்பத்துக் காட்டை அடுத்துள்ள கடலோரக் கிராமம். 1905ஆம் ஆண்டில் இங்கு நடைபெற்ற முத்துக்குளிப்பிலே முந்நூறுக்கு மேற்பட்ட படகுகள் கலந்துகொண்டன. எட்டுக் கோடிக்கும் அதிகமான சிப்பிகள் கரை சேர்ந்தன. வெறும் மணலாய்க் கிடந்த இடத்திலே சில வாரங்களுக்கு ஒரு நகரமே எழுந்தது. படகுகள் புறப்படும் நேரமும், அரசுக்கு இரண்டு பங்கும் குளிப்போருக்கு ஒரு பங்குமாகச் சிப்பிகளைப் பிரிக்கும் கணக்கும், அதன்பின் நடக்கும் ஏலமும் முறை பிறழாது நடந்தமையாலேயே அந்த நகரம் இயங்கிற்று.

அத்துணைப் பெரிய காரியத்துக்கு மட்டுமோ நேர ஒழுங்கும் குறிப்பேடும் வேண்டும்? நான்கு பேர் வாழும் வீட்டுக்கும் அவை வேண்டும். அந்த நால்வரும் வெவ்வேறிடங்களில் வாழ்வாராயின் இன்னும் அதிகமாக வேண்டும்.

1990ஆம் ஆண்டு ஒக்டோபரிலே வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, எம்மவருட் பலர் புத்தளத்தில் தஞ்சம் புகுந்தனர். 2009இல் போர் ஓய்ந்தபின் ஒரு பகுதியினர் ஊர் திரும்பினோம். மற்றவர் அங்கேயே தங்கினர். இதனால் எங்களிடையே பல குடும்பங்களுக்கு இன்று இரண்டு வீடுகள் உள்ளன. என் குடும்பமும் அத்தகையதே. நான் ஊரில், உம்மா புத்தளத்தில் என் தம்பியுடன், மகன் கட்டாரில்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் உம்மாவின் கிளினிக் நாள் ஒன்று தவறிப்போயிற்று. தம்பிக்குத் தெரியும் என நான் இருந்தேன். நான் நினைவூட்டுவேன் எனத் தம்பி இருந்தான். இரத்த அழுத்த மாத்திரை முடிந்து ஐந்து நாட்கள் கழிந்த பின்னரே அறிந்தோம். “நாள் போய்விட்டதே, மகன்” என்று உம்மா சொன்னபோது எனக்கு விடை கூற இயலவில்லை. எங்களிடம் அன்புக்குக் குறைவில்லை. எல்லாரும் ஒருங்கே காணத்தக்க ஒரு குறிப்பேடுதான் இல்லை.

இக்குறையைக் கைத்தொலைபேசியிலுள்ள நாட்காட்டி நீக்கிற்று. ஒருவர் ‘குடும்பம்’ எனும் பெயரில் ஒரு நாட்காட்டியை உண்டாக்கி, ஏனையோரின் மின்னஞ்சல் முகவரிகளை அதிற் சேர்க்க வேண்டும். பார்க்க மட்டும் உரியவர் யார், எழுதவும் உரியவர் யார் என வரையறுக்கலாம். தம்பி புத்தளத்தில் எழுதுவதை நான் இங்கே காண்கிறேன். அலை கிடையாத வேளையில் எழுதியது, அலை கிடைத்ததும் மற்றவரைச் சென்றடைகிறது. மாதந்தோறும் வருவதை ஒருமுறை எழுதினாற் போதும்; முதல்நாள் மாலையிலேயே மணி ஒலித்து நினைவூட்டும். கட்டார் நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி பிந்தியது. அவ்வேறுபாட்டையும் நாட்காட்டி தானே கணக்கிட்டுக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் ஒரு விதி உண்டு. நாள், செயல், செய்பவர் பெயர் ஆகிய மூன்றும் இல்லாத குறிப்பு குறிப்பாகாது. ‘கிளினிக்’ என்று மட்டும் எழுதினால் மீண்டும் இருவரும் மற்றவரை நம்பியிருப்போம்.

அடுத்தது மின்னஞ்சல். 1971ஆம் ஆண்டில் ரே டொம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு வலையமைப்பு வழியே மடல் அனுப்பினார். பெயரையும் இடத்தையும் பிரிக்கும் சுழிக்குறியை முகவரியில் அமைத்தவரும் அவரே. அதனை நாம் கடிதப் போக்குவரத்துக்கு மட்டுமன்றிப் பேழையாகவும் கொள்ளலாம். 1990இல் வெளியேறியபோது காணி உறுதிகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் இழந்தோர் பலர். ஊர் திரும்பித் தம் காணியைத் தமதென நிறுவ அவர்கள் பட்ட பாட்டை நான் கண்டிருக்கிறேன். ஆதலின் ஒவ்வொரு பத்திரத்தையும் படமெடுத்து, ‘காணி உறுதி’ எனவோ ‘உம்மா, கிளினிக் அட்டை’ எனவோ தலைப்பிட்டு, நமக்கு நாமே அனுப்பி வைத்தல் நன்று. பின்னர் அச்சொல்லைத் தேடினால் மடல் கிடைக்கும். மூலப் பத்திரத்துக்குப் படம் ஈடாகாது; எனினும், மூலம் தொலைந்தால் அதன் இலக்கத்தையும் திகதியையும் அறிந்து புதிய பிரதி கோர அது துணைசெய்யும்.

இத்தகைய பேழைக்குப் பூட்டும் வேண்டும். கடவுச்சொல்லைப் பிறருக்குக் கூறலாகாது. கடவுச்சொல்லோடு தொலைபேசிக்கு வரும் இலக்கத்தையும் கேட்கும் இரட்டைப் பாதுகாப்பை அமைத்துக்கொள்வது நலம்.

எல்லா நாளையும் இயந்திரம் முன்கூட்டி அறியாது. நோன்புப் பெருநாளை நாட்காட்டி ஒரு திகதியிற் காட்டலாம். பிறை தென்பட்டதென்ற செய்தியை வானொலியிற் கேட்ட பின்னரே நாம் அதனை உறுதிசெய்கிறோம். அவ்வாறே, மனிதர் எழுதாத எதனையும் நாட்காட்டி நினைவூட்டாது. வெள்ளிக்கிழமை இரவு பத்து நிமிடம் ஒதுக்கி, வரும் வாரத்தைக் குடும்பத்தோடு பார்த்துவிடுங்கள்.

இப்பொழுது கிளினிக் நாளின் முதல்நாள் மாலையில் மூன்று தொலைபேசிகள் ஒலிக்கின்றன. புத்தளத்தில் ஒன்று, மறிச்சுக்கட்டியில் ஒன்று, கட்டாரில் ஒன்று. உம்மாவைத் தம்பி அழைத்துச் செல்கிறான். திரும்பியதும் அடுத்த திகதியை எழுதுகிறான். அந்த வரியை இங்கே நான் காணும்போது, இரு வீடும் ஒரு வீடாகவே எனக்குத் தோன்றுகிறது.