நிலவறைப் பட்டறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் போதாதா?

கனடாவிலும் அமெரிக்காவின் குளிர்ப் பகுதிகளிலும் பலருக்கு வீட்டின் நிலவறைதான் தச்சுப்பட்டறை. வேலை முடிந்ததும் கூட்டிப் பெருக்கிவிட்டால் தூசி ஒழிந்தது என்று நினைப்பார்கள். துடைப்பத்தில் அகப்படும் தூள் அப்பாவி. உப்புத்தாள் தேய்க்கையில் கிளம்பும், 10 மைக்ரானுக்கும் சிறிய துகள்தான் வில்லங்கம்: மணிக்கணக்கில் மிதக்கும், மூச்சோடு உள்ளே போகும். மரத்தூசியைப் புற்றுநோய்க் காரணியாகச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே வகைப்படுத்திவிட்டது.

மிதக்கும் தூசி நிலவறையோடு நிற்பதும் இல்லை. குளிர்காலத்தில் வீட்டின் சூடான காற்று மேலேறி, மாடி இடுக்குகள் வழியே வெளியேறும். அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து காற்று ஏறும். நிலவறையின் வார்னிஷ் நெடி படுக்கையறைவரை வருவது இதனால்தான்.

சரி, ஃபேன் போடலாமே? போடலாம். ஆனால் வெளியே தள்ளிய அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். ஜன்னல்கள் மூடியிருந்தால், அதே அறையிலுள்ள கேஸ் வாட்டர் ஹீட்டரின் புகைபோக்கி வழியாகவே அது இறங்கக்கூடும்; மேலே போகவேண்டிய கார்பன் மோனாக்சைடு அறைக்குள் திரும்பலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஹீட்டர் எரியும்போது ஃபேனைப் போட்டு, புகைபோக்கியின் அடிவாயருகே ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை உள்ளே இழுபடாமல் முகத்துக்கு நேரே திரும்பினால் ஃபேனை உடனே நிறுத்துங்கள்.

எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்துவைப்பது, தூசியை ரம்பத்தின் வாயிலேயே உறிஞ்சுவது, கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டுவது: செலவு செய்வதென்றால் இவற்றுக்குச் செய்யலாம். மின்சார ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்கு அந்தப் புகைபோக்கிக் கவலை கிடையாது.