வாசலில் ஒரு பெயர்

1990இல் ஜெர்மனியின் கொலோன் நகரத் தெருக்களில் குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் ஒரு கோடு போட்டுக்கொண்டே போனார். 1940 மே மாதம் அவ்வூரிலிருந்த ரோமா, சின்டி மக்கள் ஆயிரம் பேரை நாஜிகள் நாடுகடத்த நடத்திச் சென்ற வழி அது. அதைப் பார்த்த மூதாட்டி ஒருவர், அந்த ஆட்கள் எங்கள் பகுதியில் குடியிருந்ததே இல்லை என்று சாதித்தார். அவர் பொய் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் யார் என்றே அவருக்குத் தெரியாது.

டெம்னிக் விடவில்லை. கொலையுண்டவர்களின் பெயர்களை அவர்கள் வாழ்ந்த வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தார். பத்து சென்டிமீட்டர் கான்கிரீட் கல், மேலே பித்தளைத் தகடு. ‘இங்கே வாழ்ந்தார்’ என்று தொடங்கிப் பெயர், பிறந்த ஆண்டு, கொண்டுபோன ஆண்டு, கொன்ற இடம். 1996இல் பெர்லினின் ஒரானியன் தெருவில் ‘இடறுகற்கள்’ எனப்படும் இத்தகைய 51 கற்களைப் பதித்தபோது அவர் யாரிடமும் அனுமதி வாங்கவில்லை.

இன்று மாநகராட்சிகளே அவருக்கு அழைப்பு அனுப்புகின்றன. 2023 மே மாதம் நூரம்பர்க்கில் ஒரு லட்சமாவது கல் பதிக்கப்பட்டது. யூதர்களோடு ரோமா மக்கள், அரசியல் எதிரிகள், ஒருபாலீர்ப்பாளர்கள், மாற்றுத்திறனாளிகள் எனக் கொல்லப்பட்ட எல்லோருக்கும் கல் உண்டு. கற்களைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அக்கம்பக்கத்தாரிடம் வந்திருக்கும் மாற்றம். தங்கள் தெருவில் யார் இருந்தார்கள் என்று பள்ளிப் பிள்ளைகள் ஆவணக் காப்பகங்களில் தேடுகிறார்கள். கல்லுக்கான பணத்தைக் குடியிருப்போர் தருகிறார்கள். 1938இல் நாஜிகள் யூதர்கள்மீது பெரும் வன்முறையை ஏவிய நாளான நவம்பர் 9 அன்று மண்டியிட்டுப் பித்தளையைத் துலக்குகிறார்கள்.

ஆனால் மியூனிக் நகரம் பொதுத் தெருவில் இந்தக் கற்களை அனுமதிப்பதில்லை. மாண்டவர்களின் பெயரை மிதிக்கவிடக் கூடாது என்பது அவ்வூர் யூத சமூகத் தலைவி சார்லோட் க்னோப்ளோக்கின் வாதம். இனக்கொலையில் உயிர் தப்பியவர் அவர். அந்த வேதனைக்கு மறுப்புச் சொல்ல எனக்கு வாய் வராது. அங்கே 2018 முதல் சுவர்த் தகடுகளும் தூண்களும் வைக்கிறார்கள். ஆனாலும் என் மனம் தரைக் கற்களின் பக்கமே நிற்கிறது. நினைவகத்துக்குத் தேடிப் போகிறவர்தான் போவார். ரொட்டி வாங்கப் போகிறவர் கண்ணிலும் இந்தப் பெயர் பட வேண்டும்.

வெறுப்பும் ஓயவில்லை. 2024 அக்டோபரில் ட்சைட்ஸ் என்ற சிறு நகரில் இருந்த பத்துக் கற்களையும் பெயர்த்தெடுத்துப் போனார்கள். புதுக் கற்களுக்கு நன்கொடை குவிந்தது.

ஆட்களை இயந்திரம்போல் கொன்றுகுவித்த ஆட்சிக்கு மறுப்பாக, இந்தத் தகடுகளில் எழுத்துகளைக் கையால்தான் அடிக்கிறார்கள், ஒவ்வோர் எழுத்தாக. அதனால் கல் கேட்டவர்கள் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.