விழுவது மட்டும் காமெடியா?

‘நிக்கலோடியன்’ (1976) பார்த்தவர்கள் இரண்டு கட்சி. ‘ஆளாளுக்கு உருண்டு புரண்டால் அது காமெடியா?’ என்று சலிப்பவர்கள் ஒரு பக்கம். பழைய ஹாலிவுட்டை இவ்வளவு ஆசையாக யார் காட்டினார்கள் என்று உருகுபவர்கள் மறுபக்கம்.

கதை 1910-களில் நடக்கிறது. சினிமாவே தெரியாத வக்கீல் ரயன் ஓ’நீல் திடீரென டைரக்டர் ஆகிறார். படப்பிடிப்பைக் கெடுக்க வந்த பர்ட் ரெனால்ட்ஸ், அங்கேயே ஹீரோ ஆகிவிடுகிறார்! இதெல்லாம் வெறும் கற்பனை இல்லை. எடிசன் தரப்பின் காப்புரிமைக் கூட்டணிக்குப் பயந்து, சின்னத் தயாரிப்பாளர்கள் ஒளிந்து ஒளிந்து படமெடுத்த காலம் அது. சண்டைகள் நீளம்தான். முதல் பாதியில் நானும் நெளிந்தேன்.

ஆனால் கடைசியில், 1915-ல் கிரிஃபித்தின் ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ முதல் காட்சிக்கு இந்தக் கூட்டம் போகிறது. (அந்தப் படத்தின் நிறவெறி இன்றும் கண்டிக்கப்படுகிறது.) ‘இத்தனை நாள் நாம் எடுத்ததெல்லாம் என்ன?’ என்று அவர்கள் வாயடைத்துப்போகும் இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இயக்குநர் பீட்டர் போக்டனோவிச் கறுப்பு வெள்ளையில் எடுக்கத்தான் ஆசைப்பட்டார், ஸ்டுடியோ விடவில்லை. 2009-ல் டிவிடியில் அந்தப் பதிப்பு வந்தது. கிடைத்தால் அதையே பாருங்கள். கலரில் கோமாளித்தனமாகத் தெரியும் அதே உருளல், அதில் பழைய மௌனப்படம் மாதிரி பொருந்திவிடுகிறது.