குடாநாட்டுக் குளங்களும் ஊரவர் உழைப்பும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. வடகீழ்ப் பருவமழை சுண்ணக்கற் பாறையினூடே இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீராய்த் தங்குகின்றது. அந்நன்னீர் மட்டம் 1 அடி தாழின், அடியிலுள்ள உவர்நீரெல்லை ஏறத்தாழ 40 அடி உயரும் என்பது நீரியற் கணிப்பு. ஆதலின், மழைநீரைத் தேக்கி நிலத்துள் இறக்கும் குளம் தூர்ந்தால் அயற் கிணறுகளும் உவர்ப்படும்.

இக்குளங்களைப் பேணச் சிரமதானமே வழியென்பர். ஒருநாட் சிரமதானம் வண்டலை அகற்றலாம். வேலியும் வீதியும் மறித்த வரத்து வாய்க்காலை அது திறவாது. அதற்கு, மாரிக்கு முன்னர் ஆண்டுதோறும் கூடி, அயற் காணிக்காரரை இணங்கச்செய்யும் நிலையான தொண்டர்குழு வேண்டும். 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் கமக்காரர் அமைப்புகளுக்கு இடமளிக்கின்றது. எனினும் காணியற்ற கூலியாளரும் அதே கிணற்று நீரையே குடிக்கின்றனர்.

பழைய ஊர்க்கூட்டுழைப்பை வியப்போருடன் நாம் முற்றாக உடன்படோம். இலங்கையில் குளங்களைப் பேணப் பயன்பட்டு, 1832இல் ஒழிக்கப்பட்ட இராசகாரியமுறை கட்டாய உழைப்பே. குடாநாட்டிலோ, பொதுவெனப்பட்ட நீர்நிலைகள் பலவற்றில் தாழ்த்தப்பட்டோர் நீரள்ள அனுமதிக்கப்பட்டிலர். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தின் பின்னரும் அவ்வழக்கு உடனே மறையவில்லை. மண்சுமக்க அழைக்கப்படுவோர் முடிவெடுக்கும் இடத்திலும் அமரவேண்டும். இன்றேல் அடுத்த ஆவணியில் அவர்கள் வாரார். எமது கருத்தில், குழுவின் முதற்பணி குளத்தெல்லையையும் வாய்க்காலையும் அனைவர் முன்னிலையிலும் அளப்பித்துப் பிரதேச செயலகத்தில் பதிவிப்பதாகும்.